சூப்பர் மாரியோ பிரதர்ஸ்: முதல் குதிப்பு முதல் எட்டாவது உலகம் வரை குடும்பத்தோடு விளையாட ஒரு முழுமையான வழிகாட்டி

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டை நிண்டெண்டோ நிறுவனம் 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் என்ற, தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுச் சாதனத்துக்காக வெளியிட்டது. ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுக்காவும் வடிவமைத்த இந்த விளையாட்டுக்கு இசையமைத்தவர் கோஜி கோண்டோ. 1990களில் கோலாலம்பூரில் பிள்ளைகளாக இருந்த நம்மில் பலர் இதை அசல் சாதனத்தில் அல்லாமல், தைவானிலிருந்து வந்த, ஃபேமிகாமின் நகலான மைக்ரோ ஜீனியஸ் பெட்டியில்தான் முதன்முதலில் பார்த்தோம். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் காத்திருந்து, ஓர் உயிர் போனதும் கண்ட்ரோலரை அடுத்தவரிடம் கொடுத்து விளையாடிய அந்தத் தலைமுறை இன்று பெற்றோராகவும் மாமா, அத்தைகளாகவும் ஆகிவிட்டது. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையிலோ, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பிலோ ஆறு வயதுப் பிள்ளையும் ஐம்பது வயதுப் பெரியவரும் ஒரே திரையின் முன் சமமாக உட்காரக்கூடிய விளையாட்டு வேண்டுமென்றால், என் கணிப்பில் இதற்கு இணையானது வேறில்லை.

எட்டு உலகங்கள், உலகம் ஒன்றுக்கு நான்கு கட்டங்கள், ஆக மொத்தம் 32 கட்டங்கள். இவற்றைக் கடக்க இரகசியங்கள் அவசியம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவசியமானது ஒன்றுதான்: பி பொத்தானை அழுத்தியபடி ஓடவும், அந்த ஓட்டத்திலிருந்து ஏ பொத்தானை வேண்டிய அளவுக்குப் பிடித்துக் குதிக்கவும் விரல்களைப் பழக்குவது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைச் சுற்றியே அமைகிறது. எந்தக் குழாயில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விளையாடுவதற்கு முன்: சாதனமும் தொலைக்காட்சியும்

இன்று இந்த விளையாட்டை முறையாக விளையாட எளிய வழி, நிண்டெண்டோ ஸ்விட்ச் சாதனத்தில் நிண்டெண்டோவின் இணையச் சந்தா மூலம் கிடைக்கும் பழைய விளையாட்டுத் தொகுப்பு. 2016-இல் வெளிவந்த, 30 விளையாட்டுகள் கொண்ட நிண்டெண்டோவின் சிறிய கிளாசிக் பெட்டி உறவினர் யாரிடமாவது இருந்தால் அதுவும் மிக நல்லது. அது எச்டிஎம்ஐ கம்பியால் நேரடியாகப் புதிய தொலைக்காட்சியோடு இணையும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மலிவு விலைக்கு விற்கப்படும், நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் அடங்கியதாகச் சொல்லும் பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. உரிமம் பெறாதவை என்பது ஒரு காரணம். அவற்றில் பலவற்றின் பொத்தான்கள் தாமதமாகவோ சீரற்றோ வேலை செய்வதால், குதிக்கக் கற்கும் பிள்ளை தன் விரல்மேல் தவறு இருப்பதாக எண்ணிச் சோர்ந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பரணில் பழைய பெட்டி கிடந்து, அது இன்னும் வேலை செய்கிறது என்றால், மஞ்சள், வெள்ளை முனைகள் கொண்ட ஏவி கம்பியை ஏற்கும் துளை உங்கள் தொலைக்காட்சியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோயாட் பிளாசா போன்ற வளாகங்களில் ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறு கருவியைக் கேட்டு வாங்கலாம்.

எந்தச் சாதனமாயினும் தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலுக்குள் சென்று ‘கேம் மோட்’ என்பதைத் தேர்ந்தெடுப்பதைத் தவறவிடாதீர்கள். புதிய தொலைக்காட்சிகள் படத்தை அழகுபடுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் திரைப்படத்துக்குப் பொருட்டல்ல; ஆனால் பொத்தானை அழுத்தியதற்கும் நாம் இயக்கும் நாயகன் மாரியோ குதிப்பதற்கும் இடையே ஒரு கண்ணிமைப்பு நேரம் தவறினாலும் இந்த விளையாட்டில் பள்ளத்தில் விழ வேண்டியதுதான். படம் அகலமாக இழுபட்டுத் தெரிந்தால் 4:3 அளவுக்கு மாற்றுங்கள். தூரத்தைக் கண்ணால் அளந்து குதிக்கும் விளையாட்டில் இழுபட்ட படம் கணிப்பைக் கெடுக்கும்.

ஓட்டமும் குதிப்பும்

முதல் முறை விளையாடுபவருக்கு, எதிரிகள் வருவதற்கு முன்னுள்ள தொடக்க நிலத்திலேயே கண்ட்ரோலரைக் கொடுத்து, எதையும் கடக்கச் சொல்லாமல், மூன்று பயிற்சிகளை மட்டும் செய்யச் சொல்லுங்கள். முதலாவது, ஏ பொத்தானை இலேசாகத் தட்டுவதும் அழுத்திப் பிடிப்பதும். தட்டினால் சிறு குதிப்பு, பிடித்தால் உயர்ந்த குதிப்பு. இரண்டாவது, வலப்பக்கம் நடந்துகொண்டே பி பொத்தானை அழுத்தி வேகம் கூடுவதைப் பார்ப்பது. மூன்றாவது, முழு வேகத்தில் ஓடும்போது எதிர்த்திசையை அழுத்தி, மாரியோ உடனே நிற்காமல் சறுக்கி நிற்பதை உணர்வது.

இந்த மூன்றையும் இணைக்கும் விதி இதுதான்: தரையில் எடுத்த வேகமே காற்றிலும் தொடரும். நின்ற இடத்திலிருந்து குதித்துவிட்டு, காற்றில் இருக்கும்போது பி பொத்தானை அழுத்தினால் ஓட்ட வேகம் வராது. ஓடி வந்து குதித்தால் தூரமும் உயரமும் இரண்டுமே கூடும். ஆகவே பெரிய பள்ளம் ஒன்று எதிரே வந்தால், அதன் விளிம்பில் நின்று யோசிப்பது மிகவும் ஆபத்தான செயல். பாதுகாப்பான இடம்வரை பின்வாங்கி, ஓடி வந்து, விளிம்புக்குச் சற்று முன்பே குதிக்க வேண்டும். பின்வாங்குவதற்கும் எல்லை உண்டு. திரை வலப்பக்கம் மட்டுமே நகரும் என்பதால், இடப்பக்கம் மறைந்த நிலத்துக்குத் திரும்பிச் செல்ல முடியாது.

ஒரே விரலால் இரு பொத்தான்களையும் கையாள்வதுதான் குழந்தைகளுக்குச் சிரமம் தரும் பகுதி. வலது கட்டை விரலின் நுனியைப் பி பொத்தான்மேல் வைத்து அழுத்தியபடியே, அதே விரலின் கீழ்ப்பகுதியை ஏ பொத்தான்மேல் சாய்க்கச் சொல்லுங்கள். சிறு கைகளுக்கு இது வரச் சிறிது காலம் பிடிக்கும். அதுவரை பிள்ளை நடந்தே விளையாடட்டும். முதல் உலகத்தின் பெரும்பகுதியை நடந்தும் கடக்கலாம்.

முதல் கட்டம் ஓர் ஆசிரியர்

1-1, அதாவது முதல் உலகத்தின் முதல் கட்டத்தை, அவசரமாகக் கடப்பவர்கள் இந்த விளையாட்டின் மிகச் சிறந்த பகுதியை இழக்கிறார்கள். விளக்கப் பலகையோ எழுத்துகளோ இல்லாமல், வடிவமைப்பே பாடம் சொல்லித் தரும் முறையை இங்கே தெளிவாகக் காணலாம். தொடங்கியதும் எதிரே வரும் கூம்பா என்ற பழுப்பு நிற உயிரி, இங்கே தொட்டால் இறப்பாய், மிதித்தால் வெல்வாய் என்பதை ஒரே நொடியில் கற்பிக்கிறது. அதைத் தாண்டியதும் செங்கல்களுக்கிடையே கேள்விக்குறிக் கட்டைகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் இடமிருந்து முதலாவதாக வரும் கேள்விக்குறிக் கட்டையைத் தலையால் முட்டினால் காளான் வெளிவரும். அது வலப்பக்கம் நகர்ந்து, கீழே விழுந்து, முதல் குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பி வரும். அஞ்சி ஒதுங்கும் புதியவரைக்கூட அது வந்து சேர்ந்துவிடும்; தொட்டதும் மாரியோ பெரியவனாவதைக் கண்டு, எல்லாமே எதிரி அல்ல என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

இந்த முதல் குழாயையும் சேர்த்து அடுத்தடுத்து வரும் நான்கு குழாய்களில் நான்காவதன்மேல் ஏறி நின்று கீழ்த்திசைப் பொத்தானை அழுத்தினால், 19 காசுகள் கொண்ட நிலவறைக்குள் இறங்கலாம். வெளியே வரும்போது கட்டத்தின் இறுதிப் பகுதிக்கு அருகில் வந்துவிடுவோம். நூறு காசு சேர்ந்தால் ஓர் உயிர் கூடும் என்பதால் இது நல்ல வருமானம். ஆனால் முதல் சில ஆட்டங்களில் இந்தக் குழாயைப் பிள்ளைக்குக் காட்டாதீர்கள் என்பது என் வேண்டுகோள், ஏனெனில் அது தாண்டவைக்கும் நடுப்பகுதியில்தான் முக்கியமான பாடங்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்க்கும் முதல் பள்ளத்துக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாத கட்டை ஒன்றும் உண்டு. பள்ளத்துக்குச் சற்று முன் நின்று குதித்துப் பார்த்தால் கூடுதல் உயிர் தரும் பச்சைக் காளான் வெளிவரும்.

கட்டத்தின் பிற்பகுதியில் இரு ஜோடிப் படிக்கட்டுகள் வருகின்றன. முதல் ஜோடிக்கு இடையே திடமான தரை. தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது ஜோடிக்கு இடையே பள்ளம். அதே குதிப்பை முதலில் ஆபத்தில்லாமலும், பிறகு ஆபத்தோடும் செய்யவைக்கும் இந்த அமைப்பைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். முதல் படிக்கட்டிலேயே சில முறை ஏறி இறங்கிப் பழகிவிட்டால், இரண்டாவதில் கை தானாகவே சரியாகச் செயல்படும். இறுதியில் உள்ள கொடிக்கம்பத்தின் உச்சியைப் பிடித்தால் 5000 புள்ளிகள். கம்பத்தைத் தொடும் வேளையில் நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3 அல்லது 6 ஆக இருந்தால், அதே எண்ணிக்கையில் வாண வேடிக்கை நடக்கும். சின்னஞ்சிறு பிள்ளைகள் கட்டத்தைக் கடந்ததைவிட இதைத்தான் கொண்டாடுவார்கள்.

திரையில் காட்டப்படும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 400 என்று தொடங்கும் எண்ணிக்கை விநாடிகள் அல்ல. அது விநாடியைவிட வேகமாகக் குறையும். முழு 400-உம் ஏறக்குறைய 160 விநாடிகள்தான். நூறுக்குக் கீழே இறங்கும்போது இசை வேகமெடுக்கும். அந்த இசையைக் கேட்டுப் பதறாமல் இருக்கப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எதிரிகளைப் படிக்கும் முறை

எதிரிகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் தோன்றுகிறார்கள். எனவே இறந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்வது பாதி வெற்றி. பச்சை ஓடு கொண்ட கூப்பா ஆமைகள் விளிம்பில் நிற்காமல் கீழே விழும். சிவப்பு ஓடு கொண்டவை விளிம்பில் திரும்பிவிடும். மிதித்த ஆமையின் ஓட்டினை உதைத்தால் அது வழியில் உள்ளவர்களை வீழ்த்திச் செல்லும், ஆனால் சுவரில் பட்டுத் திரும்பி நம்மையே தாக்கவும் கூடும். குழாயிலிருந்து எழும் பிரானா செடி, நாம் குழாயை ஒட்டியோ அதன் மேலோ நின்றால் வெளியே வராது. இதை அறிந்தவருக்குக் குழாய்கள் ஓய்வெடுக்கும் இடங்களாகிவிடும்.

பெரிய மாரியோவாக இருக்கும்போது காளான் கட்டையை முட்டினால் நெருப்புப் பூ கிடைக்கும். பி பொத்தானைத் தட்டி நெருப்புருண்டை எறியலாம். ஆனால் இந்த முதல் விளையாட்டில், நெருப்பு மாரியோ ஒரே அடியில் நேராகச் சிறிய மாரியோவாகிவிடுவான்; பின்னாளைய பாகங்களைப் போல் ஒரு படி மட்டும் இறங்குவதில்லை. அடிபட்ட பின் சில நொடிகள் மாரியோ மின்னிக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் எதிரிகள் அவனைத் தாக்க முடியாது. இதைப் பயந்து ஓடுவதற்கு அல்லாமல், ஒரு தடையைக் கடப்பதற்காகவே பயன்படுத்தலாம். கோட்டைகளில் இதற்குப் பயன் உண்டு.

இருவர் விளையாடும் முறையும் வீட்டு ஒழுங்கும்

தலைப்புத் திரையில் இருவர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், ஒருவர் மாரியோவாகவும் மற்றவர் லூய்ஜியாகவும் மாறி மாறி ஆடுவார்கள். ஒருவரின் உயிர் போனதும் மற்றவரின் முறை வரும். அவரவர் முன்னேற்றம் அவரவருக்கு. அண்ணன் மூன்றாவது உலகத்தில் இருக்க, தங்கை முதல் உலகத்திலேயே இருக்கலாம். யாரும் யாரையும் இழுத்துச் செல்லத் தேவையில்லை. ஒரே திரையில் நால்வர் மோதும் இன்றைய விளையாட்டுகளில் வல்லவர் முன்னே ஓட, சிறியவர் பின்னால் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறோம். அதனால்தான் வயது வேறுபாடு உள்ள குடும்பங்களுக்கு இந்தப் பழைய முறையே சிறந்தது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

பெரியவர்கள் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்று: பிள்ளையின் கையிலிருந்து கண்ட்ரோலரை வாங்கி, “இங்கே பார், இப்படித்தான்” என்று கடந்து காட்டாதீர்கள். எவ்வளவு அன்போடு செய்தாலும் அது பள்ளத்தைத் தானே தாண்டும் வாய்ப்பை அந்தப் பிள்ளையிடமிருந்து பறிப்பதாகும். வாயால் மட்டும் வழி சொல்லுங்கள். உங்கள் முறை வரும்போது அதே இடத்தை மெதுவாகக் கடந்து, எங்கிருந்து ஓடத் தொடங்கினீர்கள் என்று காட்டுங்கள்.

ஸ்விட்ச் சாதனத்தில் இசட்எல், இசட்ஆர் பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தால் ஆட்டத்தைப் பின்னோக்கிச் சுருட்டலாம். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இதை அனுமதிக்கலாம். மற்றவர்கள் ஓர் உலகம் முடிந்ததும் ஆட்டத்தைச் சேமிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒவ்வொரு விழுதலையும் சுருட்டித் திருத்தினால் விரலுக்குப் பாடம் ஏறாது.

எல்லா உயிர்களும் தீர்ந்து ஆட்டம் முடிந்துவிட்டால், தலைப்புத் திரையில் ஏ பொத்தானைப் பிடித்தபடி ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். இறந்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடரலாம். இது தெரியாமல் மைக்ரோ ஜீனியஸ் காலத்தில் ஒவ்வொரு முறையும் 1-1-இலிருந்து தொடங்கிய குடும்பங்கள் ஏராளம்.

இரண்டாவது கட்டம் முதல் ஏழாவது உலகம் வரை

1-2 நிலத்தடிக் கட்டம். இறுதியில் மேலும் கீழும் நகரும் மேடையிலிருந்து கூரைமேல் ஏறி, வெளியேறும் குழாயைத் தாண்டி வலப்பக்கம் ஓடினால், நான்காவது, மூன்றாவது, இரண்டாவது உலகங்களுக்குச் செல்லும் மூன்று குழாய்கள் இருக்கும். முதல் முறை விளையாடுபவர்கள் இவற்றைப் பயன்படுத்தாதிருப்பதே நல்லது. நான்காவது உலகத்துக்குத் தாவுபவர், இரண்டிலும் மூன்றிலும் கற்க வேண்டியதைக் கல்லாமலேயே லக்கிட்டு என்ற எதிரியின் முன் போய் நிற்பார்.

1-4 முதல் கோட்டை. சுழலும் நெருப்புக் கம்பிகளுக்கு முன் நின்று, கம்பி கீழிறங்கிக் கடந்த பின் ஓடுங்கள். பாலத்தில், இளவரசியைச் சிறைவைத்த எதிரித் தலைவன் பவுசர் நிற்பான். அவனைக் கொல்வது கட்டாயமல்ல. அவன் உயரக் குதிக்கும்போது கீழே ஓடிச் சென்று, பாலத்தின் மறுமுனையில் உள்ள கோடரியைத் தொட்டால் போதும். நெருப்பு இருந்தால் ஐந்து உருண்டைகளில் அவன் வீழ்வான். எதுவும் கைகூடாவிட்டால், பெரிய மாரியோவாக அவன்மேல் மோதி, மின்னும் நொடிகளில் அவனைக் கடந்து கோடரியை அடையலாம். கோட்டைக் கட்டங்களிலும் எட்டாவது உலகம் முழுவதிலும், இறந்தால் கட்டத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். மற்றக் கட்டங்களில் பாதி தூரம் கடந்திருந்தால் நடுவிலிருந்து தொடரலாம்.

2-2 நீருக்கடியில் நடக்கிறது. இங்கே ஏ பொத்தானைப் பிடிக்கக் கூடாது. சிறு சிறு தட்டல்களாகத் தட்டி உயரத்தைக் காக்க வேண்டும். 2-3 பாலத்தில் மீன்கள் பாய்ந்து வரும்போது நின்று பார்ப்பவரே அடிபடுவார், ஓடிக்கொண்டே இருங்கள்.

3-1-இல் சுத்தியல் எறியும் இரட்டையர் முதன்முறையாக வருகிறார்கள். அவர்கள் உயரக் குதிக்கும் நொடியில் கீழே புகுந்து செல்வதே எளிது. அதே கட்டத்தின் இறுதிப் படிக்கட்டில் இறங்கி வரும் ஆமைகளில் ஒன்றைப் படிமேல் மிதித்து, ஓடு படியில் மோதித் திரும்பத் திரும்பக் காலடியில் வருமாறு குதித்தால், புள்ளிகள் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் ஒவ்வொரு மிதிக்கும் ஓர் உயிர் கிடைக்கும். ஆசை மிகுந்து 127-ஐத் தாண்டினால், அடுத்து இறந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே பத்திருபது உயிர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4-1-இல் மேகத்தின்மேல் வரும் லக்கிட்டு எறியும் முள் உயிரிகளை மிதிக்க முடியாது. நின்றால் அவை பெருகும். ஓடினால் பெரும்பாலானவை பின்னால் விழும். 4-2-இல் மறைந்திருக்கும், மேலே ஏறிச் செல்லக்கூடிய செடிக்கொடி வழியாக ஆறு, ஏழு, எட்டாவது உலகங்களுக்குச் செல்லும் குழாய்களை அடையலாம். 4-4, 7-4 கோட்டைகளில் ஒரே காட்சி மீண்டும் மீண்டும் வந்தால் பாதையைத் தவறாகத் தேர்ந்துவிட்டீர்கள் என்று பொருள்; மேல்வழியில் சென்றிருந்தால் கீழ்வழி, கீழ்வழியில் சென்றிருந்தால் மேல்வழி என்று மாற்றிப் பாருங்கள். இந்த இடத்தில் ஒருவர் விளையாட, மற்றவர் தாளில் வழியைக் குறித்து வைப்பது மிக உதவும். பாட்டியும் சேர்ந்துகொள்ளக்கூடிய வேலை அது.

ஐந்து முதல் ஏழு வரையிலான உலகங்களில் முன்பு கண்ட கட்டங்கள் சில கடுமையான வடிவில் திரும்ப வருகின்றன. புதிதாகக் கற்க வேண்டியவை குறைவு. ஆறாவது உலகம் முதல் பவுசர் சுத்தியல்களை எறிவான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எட்டாவது உலகம்

இங்கேதான் ஓட்டமும் குதிப்பும் முழுமையாகச் சோதிக்கப்படுகின்றன. 8-1 நீளமான கட்டம், நேரம் இறுக்கமானது, காசுகளுக்காக நிற்காதீர்கள். இரு பெரும் பள்ளங்களுக்கு நடுவே ஒரே கட்டை அகலத்தில் தரை இருக்கும் இடம் ஒன்று வரும். முழு ஓட்டத்தில் முதல் குதிப்பு, அந்தக் கட்டையில் கால் பட்டதும், பி பொத்தானை விடாமலேயே உடனே இரண்டாவது குதிப்பு. நடுவில் நிற்க முயல்பவர்களே பெரும்பாலும் விழுகிறார்கள். ஒரு கட்டை அகலமே உள்ள சிறு இடைவெளிகளை, முழு வேகத்தில் குதிக்காமலேயே ஓடிக் கடக்கலாம் என்பதும் இங்கே கைகொடுக்கும்.

8-3-இல் சுத்தியல் இரட்டையர் அடுத்தடுத்து வருவார்கள். முடிந்தால் நெருப்போடு வாருங்கள். 8-4 குழாய்களால் ஆன புதிர்க் கோட்டை. தவறான குழாய் நம்மைப் பின்னுக்கு அனுப்பும். முன்பு குறிப்பெடுத்த தாளில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனையாவது குழாயில் இறங்கினோம் என்று எழுதுங்கள். இறுதியில் பவுசர் நெருப்பும் சுத்தியலும் சேர்த்து எறிவான்; ஆனால் கோடரியைத் தொடும் வழி 1-4-இல் கற்ற அதே வழிதான்.

இளவரசியை மீட்ட பின் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. தலைப்புத் திரைக்கு வந்ததும் பி பொத்தானை அழுத்தி எந்த உலகத்திலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கலாம். அந்த இரண்டாவது சுற்றில் கூம்பாக்களின் இடத்தில், நெருப்புக்கு அசையாத கருவண்டுகள் நடமாடும். வீட்டில் யாராவது ஒருவர் இறுதிவரை சென்றுவிட்டால், சாதனத்தை அணைத்துவிடாமல் அந்தத் திரையிலேயே விட்டு, தங்களுக்குக் கடினமாக இருந்த உலகத்தை மற்றவர்கள் தேர்ந்தெடுத்துப் பழகக் கொடுங்கள்.